தைராய்டு கட்டிகளில் டெலோமரேசு செயற்பாடு

தைராய்டு கட்டிகளில் டெலோமரேசு செயற்பாடு என்பது, தைராய்டு சுரப்பியில் தோன்றும் கட்டிகளின் உயிரணுக்களில் டெலோமரேசு என்னும் நொதி இயங்குகின்றதா, எந்த அளவுக்கு இயங்குகின்றது என்பதைக் குறிக்கும். இந்நொதி நிறப்புரிகளின் முனைகளை நீட்டித்து, உயிரணுக்கள் வரம்பின்றிப் பிரிவதற்கு வழி செய்கின்றது. இயல்பான தைராய்டு உயிரணுக்களில் டெலோமரேசு இயங்குவதில்லை. தீங்கற்ற கட்டிகள் பெரும்பாலானவற்றிலும் அது காணப்படுவதில்லை. புற்றுத்தன்மையுடைய கட்டிகளுள் ஒரு பகுதியில் அது இயங்குகின்றது; கட்டியின் கொடிய தன்மை கூடக்கூட இந்தப் பகுதியும் கூடுகின்றது. இதனால், அறுவைச் சிகிச்சைக்கு முன்னரே ஒரு கட்டி புற்றா அல்லவா என அறியவும், புற்று எனின் அது எவ்வாறு நடந்துகொள்ளும் என முன்கூட்டி மதிப்பிடவும் இந்நொதி உதவுமா என்னும் கேள்வி 1990களிலிருந்து ஆராயப்பட்டு வருகின்றது.

தைராய்டு சுரப்பியும் அதன் கட்டிகளும்

தைராய்டு, கழுத்தின் முன்புறத்தில் மூச்சுக்குழலை ஒட்டி, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள ஒரு நாளமில்லாச் சுரப்பி ஆகும். இதனைக் கேடயச் சுரப்பி எனவும் அழைப்பர். இதில் இரு வகை உயிரணுக்கள் முதன்மையானவை. நுண்ணறைகளைச் சூழ்ந்திருக்கும் நுண்ணறை உயிரணுக்கள் அயோடினைக் கொண்டு தைராக்சின் முதலிய இயக்குநீர்களை உருவாக்குகின்றன. சி உயிரணுக்கள் கால்சிட்டோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன.

தைராய்டில் கட்டி தோன்றுவது மிகவும் பொதுவானது. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. நுண்ணறை உயிரணுக்களிலிருந்து தோன்றும் கட்டிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- ஃபாலிகுலர் அடினோமா: உறையால் சூழப்பட்ட தீங்கற்ற கட்டி.
- பாப்பில்லரி புற்று: தைராய்டு புற்றுகளுள் மிகப் பெரும்பான்மையானது. மெதுவாக வளர்வது, பெரும்பாலும் முழுமையாகக் குணமாகக் கூடியது.
- ஃபாலிகுலர் புற்று: குருதிக்குழாய் வழியாக எலும்பு, நுரையீரல் ஆகியவற்றுக்குப் பரவக்கூடியது.
- குறைவேறுபாட்டுப் புற்று: உயிரணுக்கள் தம் இயல்பான தைராய்டுத் தன்மையைப் பெரிதும் இழந்த வகை.
- அனாபிளாஸ்டிக் புற்று: மிக அரிதானது, ஆனால் மனிதருக்கு ஏற்படும் புற்றுகளுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று. நோய் கண்டறியப்பட்ட சில மாதங்களிலேயே பெரும்பாலானோர் உயிரிழக்க நேரிட்டது.

சி உயிரணுக்களிலிருந்து தோன்றும் மெடுல்லரி புற்று இவற்றிலிருந்து வேறானது. இது ரெட் எனப்படும் மரபணுவின் பிறழ்வோடு நெருங்கிய தொடர்புடையது.

நோயறிதலில் உள்ள சிக்கல்

தைராய்டு கட்டியை ஆராய்வதற்கு நுண்ணூசி உறிஞ்சல் முறை பயன்படுகின்றது. மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில உயிரணுக்களை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே இம்முறை. பாப்பில்லரி புற்றின் உயிரணுக்கருக்களுக்குத் தனித்த தோற்றம் இருப்பதால், அதனைப் பெரும்பாலும் இம்முறையில் அடையாளம் காணலாம்.

ஆனால், ஃபாலிகுலர் அடினோமாவையும் ஃபாலிகுலர் புற்றையும் இம்முறையில் பிரித்தறிய இயலாது. இரண்டின் உயிரணுக்களும் ஒரே தோற்றம் கொண்டவை. கட்டி தன் உறையைத் துளைத்துள்ளதா, குருதிக்குழாய்க்குள் நுழைந்துள்ளதா என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. இதனைக் கட்டி முழுவதையும் வெளியில் எடுத்த பின்னரே பார்க்க முடியும். எனவே, முடிவு தெளிவாகாத நோயாளிகளுக்கு, நோயறிதலுக்காகவே தைராய்டின் ஒரு பாதியை அகற்றும் அறுவைச் சிகிச்சை செய்யப்படுவது வழக்கமாயிற்று. அவ்வாறு அகற்றப்பட்ட கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை எனப் பின்னர் தெரிய வந்தது. குரல் நரம்பு பாதிக்கப்படுதல், சிலர் வாழ்நாள் முழுவதும் தைராக்சின் மாத்திரை உட்கொள்ள நேரிடுதல் ஆகியன இவ்வறுவையின் விளைவுகளாக அமையக்கூடும். ஊசியில் வந்த சில உயிரணுக்களைக் கொண்டே விடை கூறும் மூலக்கூற்று அடையாளம் ஒன்றைத் தேடியதற்கு இதுவே காரணம்.

டெலோமியரும் டெலோமரேசும்

நிறப்புரிகளின் இரு முனைகளிலும் அமைந்துள்ள, திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதி டெலோமியர் எனப்படுகின்றது. மனிதரில் இது தைமின், தைமின், அடினின், குவானின், குவானின், குவானின் என்னும் ஆறு தாங்கிகளின் தொடர் பல்லாயிரம் தாங்கிகள் நீளத்துக்கு மீண்டும் மீண்டும் அமைந்ததாகும். இது எந்தப் புரதத்துக்கும் குறியீடு அன்று. நிறப்புரியின் முனையை முறிந்த டி.என்.ஏ. எனக் கருதி உயிரணு அதனை ஒட்ட முயலாமல் காப்பதே இதன் பணி.

உயிரணு பிரியும் ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகின்றது. ஆனால் படியெடுக்கும் நொதியால் ஓர் இழையின் கடைசி முனை வரை சென்று படியெடுக்க இயலாது. தறியில் பாவு நூலின் கடைசிப் பகுதி நெய்யப்படாமல் எஞ்சுவதை இதனோடு ஒப்பிடலாம். இதனால் ஒவ்வொரு பிரிவின் போதும் டெலோமியர் சிறிது குறைகின்றது. இவ்விழப்பு பொதுவாக 50 முதல் 200 தாங்கிகள் வரை இருக்கும். டெலோமியர் ஓர் எல்லைக்கு மேல் குறுகியதும் உயிரணு பிரிவதை நிறுத்தி மூப்படைகின்றது. இவ்வாறு டெலோமியர், பிரிவுகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் கருவியாகவும், புற்றுக்கு எதிரான தடையாகவும் அமைகின்றது.

டெலோமரேசு இந்த இழப்பை ஈடு செய்யும் நொதியாகும். இதற்கு இரு முதன்மைக் கூறுகள் உள்ளன.

- டெர்க்: 451 நியூக்கிளியோட்டைடுகளைக் கொண்ட ஆர்.என்.ஏ. கூறு. டெலோமியர்த் தொடருக்கான அச்சு இதில் உள்ளது. இதன் மரபணு 3ஆம் நிறப்புரியில் அமைந்துள்ளது.
- டெர்ட்: 1132 அமினோ அமிலங்களைக் கொண்ட புரதக் கூறு. ஆர்.என்.ஏ. அச்சைப் பார்த்து டி.என்.ஏ.யை உருவாக்குவதால் இது தலைகீழ்ப் படியெடுப்பு நொதி வகையைச் சார்ந்தது. இதன் மரபணு 5ஆம் நிறப்புரியின் குறுங்கையில் அமைந்துள்ளது.

டெர்க் கூறு இயல்பான உயிரணுக்கள் பலவற்றிலும் காணப்படுகின்றது. டெர்ட் கூறோ இன உயிரணுக்கள், குருத்தணுக்கள், தூண்டப்பட்ட நிணநீர் உயிரணுக்கள் போன்ற சிலவற்றில் மட்டுமே உருவாகின்றது. எனவே, ஓர் உயிரணுவில் டெலோமரேசு இயங்குமா என்பதைப் பெரும்பாலும் டெர்ட் மரபணுவே முடிவு செய்கின்றது.

கண்டுபிடிப்பு வரலாறு

நிறப்புரி முனைகள் தனித்தன்மை வாய்ந்தவை என்பதை 1930களில் ஹெர்மன் முல்லரும் பார்பரா மெக்ளின்டாக்கும் தனித்தனியே உணர்ந்தனர். 1961இல் லெனார்ட் ஹேஃபிளிக், பால் மூர்ஹெட் ஆகியோர் வளர்ப்பு ஊடகத்தில் உள்ள இயல்பான மனித உயிரணுக்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பிரிவதில்லை எனக் காட்டினர். 1970களின் தொடக்கத்தில் அலெக்சி ஒலொவ்னிகொவ், ஜேம்ஸ் வாட்சன் ஆகியோர் படியெடுத்தலில் முனை எஞ்சும் சிக்கலைச் சுட்டிக்காட்டினர்.

1984ஆம் ஆண்டு இறுதியில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எலிசபெத் பிளாக்பர்னின் மாணவியாக இருந்த கரோல் கிரைடர், டெட்ராஹைமினா என்னும் ஒருகல உயிரியில் டெலோமரேசின் செயற்பாட்டைக் கண்டறிந்தார். இது 1985இல் வெளியிடப்பட்டது. இப்பணிக்காக பிளாக்பர்ன், கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1994இல் வெளியான ஓர் ஆய்வு புற்றுநோயியலில் திருப்புமுனையாக அமைந்தது. அதில், அழிவின்றிப் பிரியும் 100 உயிரணு வகைகளில் 98இலும், 101 புற்று இழையங்களில் 90இலும் டெலோமரேசு இயங்குவது கண்டறியப்பட்டது. ஆராயப்பட்ட 50 இயல்பான உடல் இழையங்களில் ஒன்றில்கூட அது இயங்கவில்லை. இதனைத் தொடர்ந்து ஏனைய உறுப்புகளின் கட்டிகளைப் போலவே தைராய்டு கட்டிகளும் ஆராயப்பட்டன.

செயற்பாட்டை அளக்கும் முறை

1994ஆம் ஆண்டின் ஆய்வில் அறிமுகப்படுத்தப்பட்ட முறை டிராப் எனப்படுகின்றது. இதன் படிகள் வருமாறு:

1. இழையத்திலிருந்து புரதச் சாறு எடுக்கப்படுகின்றது.
2. அதனுடன் ஒரு குறுகிய டி.என்.ஏ. துண்டு சேர்க்கப்படுகின்றது. சாற்றில் டெலோமரேசு இருந்தால், அது இத்துண்டின் முனையில் ஆறு தாங்கித் தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும்.
3. நீண்ட துண்டுகள் பி.சி.ஆர். எனப்படும் பாலிமரேசு சங்கிலி வினையால் பன்மடங்கு பெருக்கப்படுகின்றன.
4. அவை கூழ்மத் தகட்டில் மின்புலத்தால் பிரிக்கப்படுகின்றன. டெலோமரேசு இயங்கியிருந்தால், ஆறு தாங்கி இடைவெளியில் ஏணிப்படி போன்ற பட்டைகள் தோன்றும்.

ஒரு பகுதிச் சாற்றைச் சூடாக்கி நொதியை அழித்து, அதனையும் உடன் ஆராய்வர். அதில் ஏணி தோன்றக் கூடாது. இம்முறை மிகக் குறைந்த எண்ணிக்கையிலான உயிரணுக்களிலும் நொதியைக் கண்டறிய வல்லது. எனவே நுண்ணூசி மாதிரிக்கும் இது பொருந்தும் எனக் கருதப்பட்டது. டெர்ட் மரபணுவின் ஆர்.என்.ஏ. படிகளை அளத்தல், டெர்ட் புரதத்தை எதிர்ப்பொருளால் சாயமேற்றிப் பார்த்தல் ஆகிய முறைகளும் பயன்படுத்தப்பட்டன.

தைராய்டு கட்டிகளில் காணப்பட்டவை

1990களின் பிற்பகுதியில் தைராய்டு கட்டிகள் பற்றிய ஆய்வுகள் பல வெளியாயின. இயல்பான தைராய்டு இழையத்தில் டெலோமரேசு இயங்காமையும், புற்றில் அது கூடுதலாகக் காணப்படுவதும் அவற்றில் உறுதியாயிற்று. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குத் தெளிவான பிரிவு கிடைக்கவில்லை. அதற்கு இரு காரணங்கள் இருந்தன.

முதலாவது, புற்றிலும் நொதி இல்லாதிருத்தல். பிற உறுப்புகளின் புற்றுகளில் பெரும்பான்மையானவை டெலோமரேசு கொண்டிருக்க, தைராய்டு புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் மட்டுமே அது வெளிப்பட்டது. வயது வந்தோரின் தைராய்டு உயிரணு மிக அரிதாகவே பிரிவதை இதற்கு விளக்கமாகக் கூறலாம். வயது வந்த பின் அது வாழ்நாளில் ஏறத்தாழ ஐந்து முறை மட்டுமே பிரிகின்றது என மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே புற்று தொடங்கும் போது அதன் டெலோமியர்கள் இன்னும் நீண்டிருக்கும். மெதுவாக வளரும் பாப்பில்லரி புற்று, டெலோமரேசின் துணையின்றியே பல ஆண்டுகள் வளர இந்த இருப்பு போதுமானது.

இரண்டாவது, புற்றில்லாத இழையத்திலும் நொதி இருத்தல். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912இல் விவரித்த தைராய்டு அழற்சி பலருக்கும் ஏற்படும் ஒரு நோய். இதில் நிணநீர் உயிரணுக்கள் பெருந்திரளாகத் தைராய்டினுள் புகுகின்றன. தூண்டப்பட்ட நிணநீர் உயிரணுக்களில் இயல்பாகவே டெலோமரேசு இயங்கும். டிராப் முறையில் இழையம் முழுவதும் அரைத்துச் சாறாக்கப்படுவதால், நொதி எந்த உயிரணுவிலிருந்து வந்தது என அறிய வழியில்லை. எனவே அழற்சியுள்ள தீங்கற்ற இழையமும் புற்றைப் போலவே விடை தந்தது.

மேலும், டெர்ட் மரபணுவின் ஆர்.என்.ஏ. பல விதமாக வெட்டி ஒட்டப்படுகின்றது. முழு நீளப் படியிலிருந்து மட்டுமே இயங்கும் நொதி உருவாகும். சில பகுதிகள் நீங்கிய படிகளால் இயங்கும் நொதியை உருவாக்க இயலாது. ஆகவே டெர்ட் ஆர்.என்.ஏ. இருப்பதைக் கொண்டு மட்டும் நொதி இயங்குகின்றது என முடிவு செய்ய இயலாது.

ஊக்குவிப்புப் பகுதிப் பிறழ்வுகள்

2013ஆம் ஆண்டு இத்துறையில் புதிய திசையைத் திறந்தது. மெலனோமா என்னும் தோல் புற்றில், டெர்ட் மரபணுவின் ஊக்குவிப்புப் பகுதியில் பிறழ்வுகள் இருப்பதை இரு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டன. ஒரு மரபணு எப்போது, எந்த அளவில் படியெடுக்கப்பட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் முகப்புப் பகுதியே ஊக்குவிப்புப் பகுதி ஆகும். அதே ஆண்டிலேயே தைராய்டு புற்றிலும் இப்பிறழ்வுகள் கண்டறியப்பட்டன.

இவற்றுள் சி228டி, சி250டி என்னும் இரண்டு முதன்மையானவை. புரதக் குறியீடு தொடங்கும் இடத்துக்கு முறையே 124, 146 தாங்கிகள் முன்னதாக, சைட்டோசின் தாங்கி தைமினாக மாறுவதே இப்பிறழ்வு. தைராய்டு புற்றில் சி228டி கூடுதலாகக் காணப்படுகின்றது. பொதுவாக ஒரு கட்டியில் இவ்விரண்டில் ஒன்று மட்டுமே இருக்கும். ஒரே ஒரு தாங்கி மாறுவதால், ஈ.டி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த படியெடுப்புக் காரணிகள் பற்றிக்கொள்ளும் புதிய இடம் ஒன்று உருவாகின்றது. இவ்விடத்தைக் காபிபி என்னும் காரணி பற்றுவது 2015இல் காட்டப்பட்டது. இதனால் உறங்கிக் கிடந்த டெர்ட் மரபணு விழித்துக்கொள்கின்றது.

இப்பிறழ்வுகள் காணப்படும் அளவு கட்டியின் வகைக்கேற்ப வேறுபடுகின்றது:

- தீங்கற்ற கட்டிகள்: மிகப் பெரும்பாலும் இல்லை
- பாப்பில்லரி புற்று: ஏறத்தாழ 10 விழுக்காடு
- ஃபாலிகுலர் புற்று: ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு
- குறைவேறுபாட்டுப் புற்று: ஏறத்தாழ 40 விழுக்காடு
- அனாபிளாஸ்டிக் புற்று: 40 விழுக்காட்டுக்கு மேல்; 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 73 விழுக்காடு
- மெடுல்லரி புற்று: மிகப் பெரும்பாலும் இல்லை

முதியோரின் புற்றில் இப்பிறழ்வு கூடுதலாகவும், சிறுவர்களின் புற்றில் மிக அரிதாகவும் காணப்படுகின்றது. பாப்பில்லரி புற்றில் கட்டியின் ஒரு பகுதி உயிரணுக்களில் மட்டுமே இது இருப்பதும், கொடிய வகைகளில் அனைத்து உயிரணுக்களிலும் பரவியிருப்பதும் 2016ஆம் ஆண்டின் ஆய்வில் தெரிய வந்தது. அதாவது, இது புற்றைத் தொடக்கும் பிறழ்வு அன்று. ஏற்கெனவே தோன்றிய புற்றின் சில உயிரணுக்களில் பின்னர் ஏற்பட்டு, அவற்றைக் கொடிய நிலைக்கு இட்டுச் செல்லும் பிறழ்வு எனக் கருதப்படுகின்றது.

பிராஃப் பிறழ்வுடன் கூட்டு விளைவு

பாப்பில்லரி புற்றின் மிகப் பொதுவான பிறழ்வு, பிராஃப் மரபணுவில் ஏற்படும் வி600இ என்பதாகும். இது உயிரணுவைப் பிரியுமாறு தூண்டும் சமிக்ஞைப் பாதையை ஓயாமல் இயங்க வைக்கின்றது. இப்பாதையின் இறுதியில் தூண்டப்படுபவற்றுள் ஈ.டி.எஸ். குடும்பக் காரணிகளும் அடங்கும். டெர்ட் பிறழ்வோ அதே காரணிகள் பற்றிக்கொள்ளும் இடத்தை உருவாக்குகின்றது. ஒன்று சாவியைப் பெருக்க, மற்றொன்று பூட்டை அமைத்துத் தருகின்றது. எனவே இரண்டும் சேரும்போது விளைவு, தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையை விட மிகுதியாகின்றது.

2014இல் வெளியான ஆய்வொன்றில் பாப்பில்லரி புற்றுடைய 507 நோயாளிகளின் விவரங்கள் ஆராயப்பட்டன. பிராஃப் வி600இ, டெர்ட் சி228டி ஆகிய இரண்டும் கொண்டிருந்த 35 பேரில் 24 பேருக்கு நோய் மீண்டும் தோன்றியது. இரண்டும் இல்லாத 287 பேரில் 25 பேருக்கே அவ்வாறு தோன்றியது. விழுக்காட்டில் இவை முறையே 68.6, 8.7 ஆகும். இரு பிறழ்வுகளும் உடையோரிடையே இறப்பு வீதமும் கூடுதல் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

மருத்துவப் பயன்பாடு

நொதியின் செயற்பாட்டை அளக்கும் டிராப் முறை தைராய்டு மருத்துவத்தில் வழக்கமான சோதனையாக நிலைபெறவில்லை. அதன் இடத்தை டெர்ட் பிறழ்வுச் சோதனை பிடித்தது. நுண்ணூசி மாதிரியில் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் வாசிக்கும் சோதனைகளில் டெர்ட்டும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.யை விட எளிதில் சிதையாதது என்பதும், நிணநீர் உயிரணுக்களில் இப்பிறழ்வு இல்லை என்பதும் இதற்குச் சாதகமாக அமைந்தன.

இச்சோதனையின் விடையைப் பொருள் கொள்வதில் கவனம் தேவை. தீங்கற்ற கட்டிகளில் இப்பிறழ்வு ஏறக்குறைய இல்லாததால், ஒரு கட்டியில் அது காணப்பட்டால் புற்றாக இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். ஆனால் அது காணப்படாவிட்டால் புற்று இல்லை எனக் கொள்ள முடியாது. 100 பாப்பில்லரி புற்றுகளை இச்சோதனைக்கு உட்படுத்தினால், அவற்றுள் ஏறத்தாழ 90இல் பிறழ்வு இல்லை என்றே விடை வரும். எனவே இது புற்றைத் தேடும் வலை அன்று. அகப்பட்ட புற்றின் கொடுமையை அளக்கும் கோல் எனலாம்.

பாப்பில்லரி புற்றுடையோர் பெரும்பாலானோருக்கு நீண்ட வாழ்நாள் உண்டு. அவர்களுக்கு அளவுக்கு மீறிய சிகிச்சையே தீங்காகலாம். அதே வேளை, சிறு தொகையினருக்கு நோய் திரும்பி வந்து உயிரைப் பறிக்கின்றது. இவ்விரு பிரிவினரையும் தொடக்கத்திலேயே வேறுபடுத்துவதில் டெர்ட் பிறழ்வு உதவுகின்றது. தைராய்டு முழுவதையும் அகற்றுவதா, கதிரியக்க அயோடின் கொடுப்பதா, எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிப்பது என்னும் முடிவுகளில் இது கட்டியின் அளவு, பரவல், நோயாளியின் வயது ஆகியவற்றோடு சேர்த்தே கருதப்படுகின்றது. தொலைவில் பரவிய புற்றில் இப்பிறழ்வு இருந்தால், கதிரியக்க அயோடின் உரிய பயன் தராமல் போகும் வாய்ப்புக் கூடுதல் எனவும் அறியப்பட்டுள்ளது.

டெலோமரேசை இலக்காகக் கொண்ட சிகிச்சை

டெலோமரேசு பெரும்பாலான இயல்பான உயிரணுக்களில் இயங்காமல், புற்றில் இயங்குவதால், அதனைத் தடுப்பது புற்றை மட்டும் தாக்கும் மருந்தாகலாம் என்னும் எண்ணம் நெடுங்காலமாக உள்ளது. இதில் இரு தடைகள் உள்ளன. நொதியைத் தடுத்தாலும், டெலோமியர் போதிய அளவு குறுகும் வரை புற்று உயிரணுக்கள் பல முறை பிரிந்துகொண்டே இருக்கும். மேலும், டெலோமரேசு இன்றியே டெலோமியரை நீட்டும் மாற்று வழியொன்றைச் சில புற்றுகள் கையாளுகின்றன.

டெர்க் கூறின் அச்சுப் பகுதியில் ஒட்டிக்கொண்டு டெலோமரேசைத் தடுக்கும் இமெடல்ஸ்டாட் என்னும் மருந்துக்கு 2024இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது எலும்பு மச்சையின் ஒரு வகை நோயால் ஏற்படும் குருதிச்சோகைக்கான ஒப்புதலாகும். தைராய்டு புற்றுக்கு உரியதன்று. பிராஃப் வி600இ பிறழ்வு கொண்ட அனாபிளாஸ்டிக் புற்றுக்கு, டப்ராஃபெனிப், டிராமெடினிப் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க அந்நாட்டில் 2018இல் ஒப்புதல் வழங்கப்பட்டது. இம்மருந்துகள் டெலோமரேசை நேரடியாகத் தடுப்பவை அல்ல. எனினும், பிறழ்வுற்ற டெர்ட் மரபணுவைத் தூண்டும் அதே சமிக்ஞைப் பாதையையே இவை அடைக்கின்றன.